ஆசை மங்கினால் என்ன சாப்பிடலாம்? வள்ளியூர்த் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் வள்ளியூர்ப் பக்கம். 38 வயது, கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள், கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒன்றரை வருஷமாகத் தாம்பத்தியத்தில் ஆசையே வரவில்லை, மனைவி வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் முகம் வாடிக் கிடக்கிறது என்கிறார். இங்கிலீஷ் மாத்திரைக்குப் பயம். முருங்கைக்கீரை, அமுக்கரா (அஸ்வகந்தா) மாதிரி இயற்கையாக ஏதாவது சொல்லுங்கள், எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இந்தப் பக்கத்திலேயே வைத்தியம் பார்க்கிறவன். அதனால் எடுத்த எடுப்பிலேயே அமுக்கரா சூரணத்தில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் கடைசியில்தான் சொல்வேன். காரணம், இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு உடம்பில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியிருக்காது. இருக்கிற ஆசையை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கும். அது தூக்கக் குறைவாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், ஒரு மாத்திரையாக, கடனாக, பேசித் தீராத ஒரு சண்டையாக இருக்கலாம். அதை விட்டுவிட்டு லேகியம் சாப்பிடுவது, மடை உடைந்து கிடக்கும்போது குளத்துக்குத் தண்ணீர் விடுகிற கதைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆசை இல்லை என்பது வேறு, ஆசை இருந்தும் விறைப்பு வரவில்லை என்பது வேறு, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது வேறு. என் முன்னால் உட்கார்ந்து "மூடே வரலை சார்" என்கிறவரிடம் கொஞ்சம் விசாரித்தால், இரண்டு தடவை விறைப்பு ஏமாற்றியிருக்கும். அந்த அவமானத்துக்குப் பயந்து மனம் ஆசையையே ஒதுக்கி வைத்திருக்கும். அதனால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: விடியற்காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். பல வாரமாக அதுவும் இல்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு சேரத் தொடங்கினால் முதலில் அங்கே தெரியும். சில வருஷம் கழித்துத்தான் நெஞ்சில் தெரியும். புகை பிடிக்கிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் ஷிப்டுக்கு வருகிறேன். எனக்கு அதன்மேல்தான் முதல் சந்தேகம். ஆண்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் ஏறுகிறது. அதனால்தான் காலையில் அளவு உச்சத்தில் இருக்கும். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 10 பேரை ஒரு வாரத்துக்கு இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. வயது ஏறுவதால் வருஷத்துக்கு ஒரு சதவீதம் போலக் குறைவதுதான் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒரே வாரத்தில் அந்தப் பையன்களுக்குப் பத்து வயது கூடிவிட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வெயில் ஏறின பிறகு தகரக் கூரையின் கீழே நாலு மணி நேரம் புரண்டு எழுகிறவருக்கு எந்த லேகியம் என்ன செய்யும்?

ஷிப்டை மாற்ற முடியாது, சரி. பகல் தூக்கத்தை மாற்றலாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். வீடு திரும்பும்போது கண்ணில் நேரடி வெயில் படாமல் கூலிங் கிளாஸ் போடுங்கள். ஷிப்டின் கடைசி நாலைந்து மணி நேரத்தில் டீ வேண்டாம். ஏழு மணி நேரம் தொடர்ந்து கிடைக்காவிட்டால் காலையில் ஐந்து, மாலையில் இரண்டு என்று பிரித்தாவது தூங்குங்கள். அப்புறம், குறட்டை எப்படி என்று மனைவியிடம் கேளுங்கள். குறட்டை நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி இழுக்கிறது என்று அவர் சொன்னால் அது தூக்க மூச்சுத்தடை நோய். எத்தனை மணி நேரம் தூங்கினாலும் களைப்பு போகாது, ஆசையும் வராது. அதற்குத் தனியாகப் பரிசோதனையும் சிகிச்சையும் இருக்கின்றன.

அடுத்தது தொப்பை. தையல்காரர் டேப்பை எடுத்துச் சட்டையைக் கழற்றித் தொப்புள் மட்டத்தில் சுற்றுங்கள். மூச்சை எக்கிப் பிடிக்காமல், சாதாரணமாக விட்டபடி. நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதுதான் எல்லை. அதற்கு மேலே போன வயிற்றுக் கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை, டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வேலையையும் பார்க்கிறது. எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறுவது ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த சங்கதி. நான் பரிந்துரைக்கும் இயற்கை மருந்துகளில் எனக்கு முழு நம்பிக்கை உள்ளது இதில்தான்: வாரத்துக்கு 150 நிமிஷம் வேர்க்க வேர்க்க நடப்பது, அதோடு இரண்டு மூன்று நாள் தண்டால், பஸ்கி மாதிரித் தசைக்கு வேலை கொடுப்பது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது, உங்களுக்குக் குளத்தங்கரை இருக்கும். ஜிம்முக்குப் போவதானால் போங்கள். ஆனால் அங்கே யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்று காதைக் கடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கையும் விழுந்துவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் வாலிபர்களுக்கு அது பெரிய அடி.

சாப்பாட்டில் நான் ரொம்ப நேரம் நிற்கப் போவதில்லை. முருங்கைக்கீரையைச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அதில் இரும்பும் புரதமும் இருக்கின்றன. ஆனால் சினிமா ஜோக்கில் வருகிற வேலையை முருங்கை மனிதர்களிடம் செய்கிறது என்று காட்டும் உருப்படியான ஆய்வு இல்லை; இருப்பது பெரும்பாலும் எலியிடம் பார்த்ததுதான். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாளையோ நெத்திலியோ, தினம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இது போதும். நம் ஊர்ச் சாப்பாட்டில் குறை என்னவென்றால், ராத்திரி பத்தரை மணிக்கு நாலு பரோட்டாவும் சால்னாவும் இறக்கிவிட்டு நேராகப் பாயில் சாய்வது. அந்த வயிற்றோடு யாருக்கும் எதிலும் ஆசை வராது. எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கருப்பட்டி இயற்கைதானே என்று சர்க்கரை நோயாளிகள் காப்பிக்குத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் ரத்தத்தில் ஏறினால் சர்க்கரைதான்.

சர்க்கரை என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்பது என் அனுபவக் கணிப்பு. 'ஆண்மைக் குறைவு' என்று வந்து சர்க்கரையோடு திரும்பிப் போனவர்கள் என்னிடமே அதிகம். ரத்தப் பரிசோதனை இயற்கைக்கு விரோதமில்லை, தம்பி. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், காலை நேர டெஸ்டோஸ்டிரோன், பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டுக் காட்டினால் எதெது உங்களுக்குத் தேவை என்று அவர்களே எழுதிவிடுவார்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறினாலும் ஆசை அடியோடு போய்விடும். அந்த இரண்டுக்கும் சரியான மருந்து இருக்கிறது, அதற்கு மேல் நாட்டு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை.

நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அட்டினலால் போன்றவையும் சில நீர் மாத்திரைகளும், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், புளுவாக்ஸெட்டின் போன்றவையும், முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் பினாஸ்டிரைடும் சிலருக்கு ஆசையைக் குறைக்கும். கண்டுபிடித்துவிட்டோம் என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய், "இதைச் சாப்பிட்ட பிறகு எனக்கு இப்படி ஆகிறது, மாற்று இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். டாக்டர்கள் இதை அவர்களாகக் கேட்பதில்லை, நோயாளிகளும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. இப்படியே நாலைந்து வருஷம் ஓட்டிவிடுகிறார்கள்.

சாராயம், பீடி சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. 'ஒரு கட்டிங் போட்டால் கூச்சம் போகும்' என்பது உண்மைதான். கூச்சத்தோடு மற்றதும் போய்விடும். தினசரி குடிக்கிறவருக்கு விரைகளும் ஈரலும் சேர்ந்து கெட்டு ஹார்மோன் இறங்குகிறது. பீடியோ சிகரெட்டோ நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கடைவாயில் ஒதுக்கும் புகையிலையிலும் அதே நிகோட்டின்தான்.

இனி நம் ஊர் ஆண்களை வேறு எதையும்விட அதிகமாக வாட்டுகிற ஒரு பயத்தைப் பற்றி. விந்து வெளியேறினால் உடம்பின் சாரமே போய்விடும், இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு ஆகிறது, சிறுவயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது. இதைக் கேட்டு வளராத ஆண்பிள்ளை தாமிரபரணியின் இரு கரையிலும் இருக்க மாட்டான். இந்தப் பயத்தாலேயே உடல் மெலிந்து, தூக்கம் கெட்டு, ஆசை போய் வருகிறவர்களை 1960-இல் மனநல மருத்துவர் என்.என். விக் தனி நோய்க்குறியாகவே விவரித்துத் 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். விந்து எச்சில் மாதிரி ஓயாமல் ஊறிக்கொண்டே இருப்பது. வெளியேறும் அளவு பெரும்பாலும் ஒரு டீஸ்பூனுக்குள்தான். கைப்பழக்கத்தால் நரம்பும் தளராது, ஆண்மையும் போகாது. சிறுநீரோடு கொஞ்சம் வெள்ளையாகப் போவதைப் பார்த்துவிட்டு நிலத்தை அடகு வைத்து மருந்து வாங்கினவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்றால், லாட்ஜ் வைத்தியர்களிடம். மாதத்தில் இன்ன தேதி திருநெல்வேலி ஜங்ஷன், இன்ன தேதி நாகர்கோவில் என்று நோட்டீஸ் அடித்து, ரூமில் உட்கார்ந்து, நாடியைப் பிடித்த நிமிஷமே "உள்ளே எல்லாம் வற்றிப் போச்சு" என்பார்கள். பயமுறுத்துவதுதான் அந்தத் தொழிலின் முதலீடு. தாம்பத்திய இன்பத்தைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அது இருந்தும் சுவரிலும் போனிலும் விளம்பரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. இதில் ஏமாற்று மட்டுமல்ல, உயிராபத்தும் உண்டு. 'மூலிகை' என்று விற்கும் பொட்டலங்களில் விறைப்புக்கான சில்டனாபில் (வயாகரா) மாத்திரையைப் பொடித்துக் கலப்பது பல நாடுகளில் சோதனைகளில் பிடிபட்ட விஷயம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 'வேலை செய்கிறதே!' என்று ஆச்சரியப்படுகிறீர்கள் என்றால் நீங்கள் சந்தேகப்பட வேண்டிய நேரம் அதுதான். எந்த மூலிகையும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிற ஒருவர் தெரியாமல் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சடசடவென்று இறங்கி உயிரே போகலாம். இன்னொன்று, டாக்டர் முறைப்படி எழுதித் தந்தாலும் சில்டனாபில் ரத்த ஓட்டத்துக்கான மாத்திரைதான். ஆசையை அது உண்டாக்காது. உங்கள் பிரச்சினைக்கு அது விடையே இல்லை.

கேள்வியில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, முகம் வாடிக் கிடக்கிறது என்று. எனக்கு அந்த வரியில்தான் அதிக விஷயம் இருப்பதாகப் படுகிறது. அவர் வாடுவது உங்களுக்கு ஆசை இல்லாததால் என்று நீங்களாக முடிவுகட்டியிருக்கிறீர்கள். அவருக்கும் களைப்பாக இருக்கலாம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கிறேன். மடியில் சுளகை வைத்துக் குனிந்த தலை நிமிராமல் இலையைத் திருப்பி, தூளை அடைத்து, நூலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நடுவில் எழுந்து உலை வைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது. ராத்திரி பத்து மணிக்கு அந்த முதுகைக் கீழே சாய்க்கும்போது அவருக்கு வேண்டியது தூக்கம். அந்த நேரத்தில் 'உனக்கு ஆசையே இல்லை' என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வது நியாயமா? மாலையில் பாத்திரத்தைக் கழுவி வைக்கும் புருஷனுக்கு நான் எந்தச் சூரணமும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை என்று வேடிக்கையாகச் சொல்வேன். பாதி வேடிக்கைதான்.

பெண்களுக்கு உடல் காரணங்களும் நிறைய உண்டு, யாரும் கேட்பதில்லை என்பதால் சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவருக்கு ஆசை எங்கே வரும்? பால் கொடுக்கும் மாதங்களில் புரோலாக்டின் ஏறி ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும். ஆசை குறைவதும் பிறப்புறுப்பு வறண்டிருப்பதும் அப்போது இயல்பு. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் இதே வறட்சி வரும். இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. வறட்சியோடு சேர்ந்தால் வலிக்கும். இரண்டு தடவை வலித்தால் மூன்றாவது தடவை உடம்பே பயந்து சுருங்கும். வீட்டில் ஆட்டின தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவினாலே பலருக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர் வகை ஜெல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் வலி தீராவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமை அல்ல.

ஆசை என்பது வானத்திலிருந்து குதிக்கும், குதித்த பிறகுதான் தொட வேண்டும் என்று நினைப்பதும் ஒரு சிக்கல்தான். கல்யாணமான புதிதில் அப்படி வரும். பத்து வருஷத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வரிசை மாறிவிடுகிறது: நெருக்கமாக உட்கார்ந்து, பேசி, தொட்டு, அதற்குப் பிறகு மெதுவாக ஆசை எழும். அது தெரியாமல் 'மூடு வரட்டும்' என்று காத்திருக்கும் தம்பதிக்கு மாதங்கள் ஓடிவிடும்.

எங்கே நெருக்கமாக உட்கார்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டவுன் பக்கத்து வளவு வீடுகளில் பட்டாசலில் அம்மா, நடுவில் பிள்ளைகள், சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா குடும்பம். இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆசையை அடக்கி அடக்கியே பழகின உடம்பு ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. என்னிடம் வந்த ஒரு தம்பதிக்கு நான் எழுதிக் கொடுத்த முக்கியமான மருந்து கதவுக்கு ஒரு உள்தாழ்ப்பாள். எட்டு வயது மகனைப் பாட்டி பக்கத்தில் படுக்கப் பழக்கினார்கள், மின்விசிறி சத்தமாக ஓடட்டும் என்று விட்டார்கள். பாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தம்மாவுக்குத் தெரியாதா என்ன? இதைப் படிக்கிற மாமியார்கள் யாராவது இருந்தால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரம்மதேசமோ கிருஷ்ணாபுரமோ கோயிலுக்குப் போய்விட்டுச் சாயங்காலமாக வாருங்கள்.

இன்னொரு கூட்டம் நம் மாவட்டத்துக்கே உரியது. சென்னையிலோ மும்பையிலோ பலசரக்குக் கடை, இல்லாவிட்டால் வளைகுடாவில் வேலை. குடும்பம் இங்கே. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஐந்து நாள், இல்லை வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. வந்து இறங்கின அன்றைக்கே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற அவசரம் ஆணுக்கு. ஒரு வருஷமாகத் தனியாகப் படுத்துப் பழகிய கட்டிலில் திடீரென்று ஒரு ஆள் என்ற கூச்சம் பெண்ணுக்கு. முதல் நாள் சரிவராது. "எனக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று அடுத்த நாளே ஜங்ஷனில் லாட்ஜைத் தேடிப் போவார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் இரண்டு மூன்று நாளை ஒருவருக்கொருவர் பழகுவதற்கு என்று விட்டுவிட்டால் போதும்.

உங்களுக்கு ஒரு முறை சொல்கிறேன், பைசா செலவில்லாதது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970 வாக்கில் பரப்பியது; இன்றைக்கும் பாலியல் ஆலோசகர்கள் இதையே சொல்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், அரைமணி நேரம், ஒருவர் மற்றவரின் கை, முதுகு, தலை, கால் என்று நிதானமாகத் தடவிக் கொடுக்க வேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் முதல் வாரங்களில் விலக்கு. எது இதமாக இருக்கிறது, எது கூசுகிறது என்று மற்றவர் சொல்ல வேண்டும், அப்புறம் ஆள் மாற வேண்டும். ஆசை வந்தாலும் அந்த நாளில் மேலே போகக் கூடாது. பரீட்சையே இல்லை என்றான பிறகு தோற்கும் பயமும் இல்லை. பயம் விலகினால் மற்றது பெரும்பாலும் தானாகவே எட்டிப் பார்க்கும். அதன் பிறகு படிப்படியாகத் தடைகளை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் இதைத் தொடங்க நல்ல சாக்கு எண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்த்த அன்றைக்கு உறவு கூடாது என்று பெரியவர்கள் ஏற்கெனவே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். முதுகில் நல்லெண்ணெய் தேய்த்துவிட மட்டும் யாரும் தடை போடவில்லை.

இதைப் பற்றிப் பேசுவது எப்படி என்றால், படுக்கையில் பேச்சை எடுக்காதீர்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு இருவரும் பைக்கில் உவரிக்கோ திருக்குறுங்குடிக்கோ போய்வாருங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதால் வண்டியில் பல பேச்சு சுலபமாக வரும். 'உன்மேல் வெறுப்பு இல்லை, எனக்கு உடம்பும் மனசும் ஓய்ந்து கிடக்கு' என்ற ஒரு வாக்கியம் போதும். ஒன்றரை வருஷமாக அவர் என்னென்ன கற்பனை செய்திருப்பாரோ!

மனசு ஓய்வது ஒரு நோயாகவே இருக்கலாம். தாம்பத்தியத்தில் மட்டுமல்லாமல் சாப்பாடு, கிரிக்கெட், நண்பர்கள் எதிலும் பிடிப்பில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே என்றால் அது மனச்சோர்வு. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சரி, அமுக்கராவுக்கு வருவோம். நான் எழுதிக் கொடுக்கிற மருந்துதான், தள்ளிவிடவில்லை. மன அழுத்தம் குறைவது, தூக்கம் கூடுவது ஆகிய இரண்டிலும் அதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆசை, டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். எட்டு வாரம் போலக் கொடுத்துப் பார்த்து மிதமான பலன் சொல்கிறார்கள். ஆகவே நல்ல தூக்கத்துக்குத் துணையாக எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கனவு வேண்டாம். தைராய்டு மிகையாகச் சுரக்கிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் தொடக் கூடாது. ஈரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது. ஹார்மோன்களையும் கர்ப்பத்தையும் பாதிக்கலாம் என்று டென்மார்க் 2023-இல் அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது. சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று ஜிம் டப்பாக்களில் போட்டிருப்பார்கள்; மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் அப்படிச் சொல்லவில்லை. நீர் பிரிவதற்கு நல்லது, அந்த வேலைக்கு வைத்துக்கொள்வோம். பூனைக்காலி விதையில் எல்-டோபா என்ற வீரியமான பொருள் இருக்கிறது. நடுக்குவாத நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. ரத வீதி நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் வாங்கி நீங்களாகப் பொடித்துப் பாலில் கலக்கிற சரக்கல்ல அது, சுத்தி (நச்சு நீக்கம்) செய்ய வேண்டும், அளவு பார்க்க வேண்டும். பற்பம், செந்தூரம் என்று யாராவது பெயரும் பில்லும் இல்லாத பொட்டலம் தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில் பாதரசமும் பாஷாணமும் சேர்வதுண்டு. முறையாகச் செய்யாவிட்டால் சிறுநீரகம் போய்விடும். பாளையங்கோட்டை சித்தக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே வந்தால் பதிவு பெற்ற மருத்துவர் பார்த்து, தரம் தெரிந்த மருந்தை இலவசமாகத் தருவார்கள்.

ஆசை திடீரென்று ஓரிரு மாதத்தில் அடியோடு போனது, கூடவே ஓயாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்கல், ஆணுக்கு மார்பில் பால் கசிவு என்று ஏதாவது இருந்தால் மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்காமல் நேரே ஹைகிரவுண்டுக்குப் போங்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம், பார்த்தாக வேண்டும்.

உங்கள் கணக்குக்கு, ஷிப்ட் தூக்கத்தையும் ராத்திரிச் சாப்பாட்டையும் நடையையும் மூன்று மாதம் பிடித்துப் பாருங்கள்; இடுப்பளவை மாதம் ஒருமுறை காலண்டரில் எழுதி வையுங்கள். டெஸ்டோஸ்டிரோன் பார்க்கப் போகும்போது மட்டும் ஒன்று கவனம். நைட் ஷிப்ட் முடிந்த காலையில் ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். இரண்டு மூன்று ராத்திரி ஒழுங்காக வீட்டில் தூங்கின பிறகு, காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் பார்க்காமல் யார் சொல்லும் சிகிச்சைக்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு சீட்டும் டி.எஸ்.எச். சீட்டும் கையில் வந்த பிறகு எழுதுங்கள், அமுக்கரா வேண்டுமா, எவ்வளவு, எத்தனை நாள் என்று அப்போது சொல்கிறேன்.